கடைச் சாப்பாடு: எதைத் தெரிவு செய்வது, எது எமது பொறுப்பு?

மீள்குடியேறிய முதல் மாதங்களில் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரிவதில்லை. இருபது, இருபத்தைந்து வருடங்களாக ஆளில்லாமல் கிடந்த காணியில் முதலில் பற்றை வெட்ட வேண்டும். கிணற்றை இறைத்துக் குளோரின் இட வேண்டும். வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்ததா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும். பகல் முழுவதும் காணியில் நின்றுவிட்டு, பொழுதுபட்டபின் தறப்பாள் கொட்டிலுக்குள் விறகு மூட்டிப் பிட்டு அவியுங்கள் என்று சொல்வது சுலபம். செய்வது சுலபமல்ல. ஆகவே காலையில் பாண், மத்தியானம் சோற்றுப் பார்சல், இரவில் சந்திக் கடையில் கொத்துரொட்டி என்று நாட்கள் போகின்றன. அச்சுவேலி, தெல்லிப்பழை, சுன்னாகம் எங்கே போனாலும் அந்தக் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

கடையில் சாப்பிடாதீர்கள் என்று சொல்வதற்காக இந்தப் பாடம் எழுதப்படவில்லை. களைத்துப்போன ஒரு தாய் பிள்ளைகளுக்கு நான்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தால் அது குற்றமும் அல்ல. ஆனால் "கொட்டில் வாழ்க்கை முடியும்வரை" என்று தொடங்கும் பழக்கம் வீடு கட்டி முடித்த பிறகும் தொடர்வதை நாம் பல கிராமங்களில் காண்கிறோம். கல்வீடும் குசினியும் எழும்பிவிட்டன, இரவுச் சாப்பாடு மட்டும் இன்னும் சந்தியிலிருந்து வருகிறது. அந்தப் பழக்கம் உங்கள் உடம்பில் என்ன செய்கிறது, அதில் எவ்வளவு உங்கள் கையில் இருக்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

பங்கீட்டுப் பையில் இருந்தவையும் இல்லாதவையும்

நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தவர்களுக்கு உலர் உணவுப் பங்கீடு நன்றாக நினைவிருக்கும். 2009இல் போர் முடிந்தபின் சொந்த இடங்களுக்குத் திரும்பிய குடும்பங்களுக்கும் உலக உணவுத் திட்டத்தின் உதவியுடன் ஆறு மாதங்களுக்கு அது கிடைத்தது. அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. இவற்றை லொறியில் ஏற்றலாம், அளந்து கொடுக்கலாம், மாதக்கணக்கில் வைத்தாலும் பழுதாகாது. பட்டினியைத் தடுக்க இவை போதும். மரக்கறி, கீரை, பழம், பச்சை மீன் அந்தப் பையில் இருக்கவில்லை. இருக்கவும் முடியாது, இரண்டு நாளில் அழுகிவிடும்.

அவசர காலத்துக்கென வகுத்த ஒரு பட்டியலைச் சில குடும்பங்கள் பத்து, பதினைந்து வருடங்கள் சாப்பிட்டன. இலங்கையில் கோதுமை விளைவதில்லை, முழுவதும் கப்பலில் வருகிறது. இருந்தும் எமது பிள்ளைகள் பலருக்குக் குரக்கன் பிட்டின் சுவை தெரியாது, கோதுமை மா ரொட்டியின் சுவை தெரியும். தாய்மார் கையிலிருந்ததை வைத்துச் சமைத்தார்கள். நாக்கு அதற்குப் பழகியது.

இப்போது சந்திக் கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். ரோல்ஸ், பற்றீஸ், பணிஸ், பரோட்டா, கேக், சோடா. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால் பங்கீட்டுப் பையில் இருந்த அதே மூன்று பொருட்கள்தான் வேறு உருவத்தில் நிற்கின்றன: கோதுமை மா, எண்ணெய், சீனி. கூடச் சேர்வது உப்பு.

எனவே கடையில் நிற்கும்போது நினைவில் வைக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "பங்கீட்டுப் பையில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது?" கீரை வறை இருக்கிறதா, மரக்கறி இருக்கிறதா, மீன் குழம்பு, அவித்த கடலை, வாழைப்பழம் இருக்கிறதா? அதைத் தெரிவு செய்யுங்கள். கலோரிக் கணக்கு, புத்தகத்தில் வரும் உணவுக் கூம்பகம் எல்லாம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வி உங்களைப் பெரும்பாலும் சரியான பக்கம் கொண்டுபோய்விடும்.

ஏன் எமக்கு இது கூடுதல் கவனத்துக்குரியது?

நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஊர்ப்பேச்சில் சீனி வருத்தம், பிறஷர். இவை வசதியானவர்களின் நோய்கள் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பங்கீட்டில் வாழ்ந்தவனுக்கு ஏன் சீனி வருத்தம் வரப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. உண்மை வேறு விதமாக இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944 - 45இல், நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதை ஜேர்மன் படைகள் மறித்தன. அங்கே கடும் பஞ்சம் வந்தது. அந்த மாதங்களில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஏறக்குறைய ஐம்பது வயதில் வைத்தியர்கள் பரிசோதித்தார்கள். பஞ்சத்துக்கு முன்பும் பின்பும் உருவான பிள்ளைகளை விட இவர்களின் உடல் இரத்தத்திலுள்ள சீனியைக் கையாளச் சிரமப்பட்டது. குறைவான உணவில் உருவான உடல் கிடைத்ததைச் சேமித்து வைக்கப் பழகிவிடுகிறது. பின்னாளில் மாவும் எண்ணெயும் சீனியும் தாராளமாக வரும்போது அந்தப் பழக்கமே பாரமாகிறது.

எமது குடாநாட்டில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பிறந்தவர்கள், 1995 ஒக்ரோபர் வலிகாம இடம்பெயர்வில் தாயின் வயிற்றில் இருந்தவர்கள், வன்னியில் கஞ்சியோடு வளர்ந்தவர்கள் பலர். அவர்கள் எல்லோருக்கும் நீரிழிவு வரும் என்று இதற்குப் பொருளில்லை. கவனம் வேண்டும், நேரத்துக்குப் பரிசோதிக்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு வேலையும் மாறியிருக்கிறது. சைக்கிள் இருந்த இடத்தில் லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கடனுக்கு வட்டி கட்டுகிறோம், நடப்பதையும் விட்டுவிட்டோம்.

கடை கடையாகப் பார்ப்போம்

கொத்துரொட்டியில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் இரவில் அதிகம் வாங்குவது அதைத்தான். கோதுமை மா ரொட்டி தட்டும்போதே எண்ணெயில் ஊறுகிறது. பிறகு கல்லில் மீண்டும் எண்ணெய் ஊற்றி, முட்டை, வெங்காயம், லீக்ஸ் போட்டு, இறைச்சிக் குழம்பு விட்டுக் கொத்துகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. அது ஒன்றரைத் துண்டு பாணுக்குச் சமன். கல்லில் எத்தனை கரண்டி விழுகிறது என்பதை அடுத்த முறை நின்று எண்ணிப் பாருங்கள். சீஸ் சேர்த்தால் கொழுப்பும் உப்பும் இன்னும் கூடும்.

ஒரு முழுக் கொத்து இரண்டு பேருக்குத் தாராளம். ஆகவே இரண்டு பேருக்கு ஒன்று வாங்குங்கள். "எண்ணெயைக் குறைச்சு, மரக்கறியைக் கூட்டிப் போடுங்கோ அண்ணை" என்று கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் கண் முன்னால்தான் கொத்துகிறார்கள், சொன்னால் கேட்கக்கூடிய சாப்பாடு இது ஒன்றுதான். இடியப்பக் கொத்து, பிட்டுக் கொத்து என்று பெயர் மாறினால் உடம்புக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். மா மாறுகிறது, எண்ணெய் மாறுவதில்லை.

அதே கடையில் பெரும்பாலும் இடியப்பமும் சொதியும் சம்பலும் இருக்கும். தோசை, இட்லி, சாம்பார் இருக்கும். அவித்த சாப்பாடும் ஒரு மீன் குழம்பும் எடுத்தால் கொத்தை விட மிக நல்ல தெரிவு. விலையும் பெரும்பாலும் குறைவு. விலைகளை நாம் இங்கே எழுதவில்லை, இந்தக் கைநூல் அச்சாகி உங்கள் கைக்கு வருமுன் அவை மாறிவிடும். நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெதுப்பகச் சிற்றுண்டிகளில் மாவின் மேல் தூள் பூசிப் பொரித்தவை ரோல்ஸ், கட்லட். பற்றீசும் பொரித்ததே. பாதி முட்டையும் இறைச்சியும் வைத்துப் பெரிதாகச் சுற்றிய ரோல்சுக்கு யாழ்ப்பாணத்தார் "மிதிவெடி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மிதிவெடி அபாயம் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிற ஒரு ஊரில் இப்படியொரு பெயர் நிலைத்திருப்பது எமது மக்களின் பகிடி உணர்வுக்குச் சாட்சி. அதைச் சாப்பிட்டால் ஒருவர் ஒன்றோடு நிறுத்தினால் போதும், அதுவே ஒரு நேரச் சாப்பாட்டின் பெரும்பகுதி. பொரித்ததற்குப் பதில் மீன் பணிஸ் எடுத்தால் எண்ணெய் குறையும். ஒரு வாழைப்பழம் சேர்த்தால் இன்னும் நல்லது. கதலியோ இதரையோ எந்தப் பெட்டிக்கடையிலும் குலையாகத் தொங்குகிறது.

பொரிக்கும் சட்டியையும் ஒருமுறை பாருங்கள். எண்ணெய் கறுத்து, நுரை தள்ளி, புகை மணந்தால் அது பலமுறை காய்ச்சிய எண்ணெய். அந்தக் கடையில் பொரித்ததை வாங்காதீர்கள்.

சோற்றுப் பார்சல் பற்றி ஒரே விதமாகச் சொல்ல முடியாது. பகல் முழுவதும் பற்றை வெட்டுபவர், மேசனுக்குக் கல் சுமப்பவர், வலை இழுப்பவர் முழுப் பார்சலைச் சாப்பிடலாம், அந்தச் சோறு அவருக்கு வேலையில் எரிந்துவிடும். கடையில் குந்தியிருந்து வியாபாரம் செய்பவருக்கும் வீட்டில் இருக்கும் வயோதிபருக்கும் அதே அளவு தேவையில்லை. "சோறு அரைவாசி, கீரையும் வறையும் கூட" என்று கேளுங்கள். குத்தரிசிச் சோறு இருந்தால் அதை எடுங்கள். பொரித்த மிளகாய், அப்பளம், பொரித்த கருவாடு மூன்றும் சேர்ந்து வந்தால் ஒன்றை எடுத்து மற்றதை விடுங்கள். உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், போதுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

போருக்குப் பின் ஏ9 வீதி திறந்ததும் நகரத்துக்குப் புதிய வகைக் கடைகளும் வந்தன. யாழ். வைத்தியசாலை வீதியில் கார்கில்ஸ் சதுக்கமும் அதற்குள் கே.எப்.சி.யும் வந்தபோது குடாநாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையைச் சின்னதாக நினைக்கக் கூடாது. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளை சாப்பிடுவதைத் தானும் ஒருநாள் சாப்பிட வேண்டும் என்பது வயிற்றுப்பசி மட்டுமல்ல. கனடாவிலிருந்து மாமா வந்தால் அழைத்துப்போகட்டும். பிறந்தநாளுக்குப் போகட்டும். போனால் பெரிய அளவுக்கு மாற்றச் சொல்லி நச்சரிக்கும் சலுகைகளை விட்டுவிடுங்கள், கோழியின் தோலைக் கழற்றி வைக்கலாம், சோடாவுக்குப் பதில் தண்ணீர்ப் போத்தல் கேட்கலாம். வருடத்தில் இரண்டு தடவை சாப்பிட்டதால் எவருக்கும் நோய் வருவதில்லை. கிழமையில் நான்கு இரவு சந்தியில் வாங்கும் கொத்துத்தான் நோயைக் கொண்டுவருகிறது.

போத்தலில் உள்ள நிற வட்டம்

2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் விற்கும் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறி இருக்க வேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. வீதிச் சமிக்ஞை விளக்குப் போலவே.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 10 கிராம் சீனி உள்ள பானத்துக்கும் செம்மஞ்சள் குறிதான். அதில் 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 50 கிராம் சீனி உள்ளே போகிறது. அது பத்துத் தேக்கரண்டி. வளர்ந்த ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் இந்த 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நிறுத்தினால் மேலும் நன்மை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே நிறத்தோடு நிற்காமல் கிராம் எண்ணையும் வாசியுங்கள். பெரியவர்களுக்குக் கண் தெரியாவிட்டால் பாடசாலைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது பாடமாகும்.

சோடாவைக் குற்றம் சொல்லிவிட்டுத் தேநீரை மறந்துவிடக் கூடாது. வேலைத்தளத்தில் ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி என்றால் பதினைந்து கரண்டி. ஒரு போத்தல் சோடாவை அது வென்றுவிடுகிறது. இதற்கு எந்த நிறுவனமும் விளம்பரமும் காரணமில்லை, நாமேதான் போடுகிறோம். கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு சண்டை பிடிக்காது.

பனங்கட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடிப்பது எமது பழைய வழக்கம், ஒரு துண்டில் ஒரு கோப்பித் தேநீர் முடிந்துவிடுவதால் சீனி குறைவாகவே போகும். ஆனால் பனங்கட்டியும் சீனிதான். நீரிழிவு உள்ளவர்கள் அது மருந்து என்று நம்பித் தாராளமாகச் சாப்பிடுவது ஆபத்து. குரக்கனும் அப்படியே: கோதுமை மாவை விட நல்லது, நார்ச்சத்து உண்டு, ஆனால் நான்கு நீத்துப்பெட்டி பிட்டைச் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும்.

அம்மாச்சி

உடனே கிடைக்கிற, நின்றபடியே வாங்கக்கூடிய சாப்பாடெல்லாம் பொரித்ததாகவும் மாவாகவும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு எமது மாகாணத்திலேயே சான்று இருக்கிறது. திருநெல்வேலியிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் "அம்மாச்சி" உணவகங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். மாகாண விவசாயத்துறை இடமும் பயிற்சியும் கொடுக்க, பெண்கள் தாமே சமைத்து விற்கிறார்கள். எமது ஊர்ச் சாப்பாடுகளைக் கண் முன்னாலேயே செய்து தருகிறார்கள். தோசை, பிட்டு, இலைக்கஞ்சி, பழச்சாறு என்று தெரிவும் உண்டு. அங்கேயும் வடை பொரித்ததுதான், பழச்சாற்றில் சீனி போட வேண்டாமென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் பங்கீட்டுப் பையில் இல்லாதது இங்கே நிறைய உண்டு. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலருக்கு இது வருமானமாகவும் இருக்கிறது. கைப்பக்குவம் உள்ளவர்கள் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் இதுபற்றி விசாரித்துப் பாருங்கள்.

வீட்டு அடுப்பில் அரை மணித்தியாலத்துக்குள் முடியும் சாப்பாடுகளும் உண்டு. முருங்கை இலை வறை, வல்லாரைச் சம்பல், பருப்பு, சூடை மீன் தீயல். முருங்கை பற்றைக் காணியிலும் நிற்கிறது. மயிலிட்டி, ஊறணிப் பக்கம் கரையிலேயே சின்ன மீன் வாங்கலாம். வாங்கும் சோற்றுக்கோ பாணுக்கோ பக்கத்தில் வீட்டில் செய்த ஒரு கறி இருந்தாலே அந்தச் சாப்பாடு பாதி சரியாகிவிடுகிறது. முழுவதும் சமைக்க முடியாத நாளில் ஒரு கறியாவது வையுங்கள்.

யார் பொறுப்பு?

அமெரிக்காவில் 2002இல் சில பிள்ளைகளின் பெற்றோர் மக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள், அங்கே சாப்பிட்டுத்தான் எமது பிள்ளைகள் உடல் பருத்து நோயாளி ஆனார்கள் என்று. அடுத்த ஆண்டே நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்தே ஒருவர் சாப்பிட்டால் சட்டம் அவரைக் காப்பாற்ற முடியாது என்ற கருத்தில் அந்தத் தீர்ப்பு இருந்தது. தனிமனிதப் பொறுப்பு என்ற சொல் அந்த நாட்டு விவாதங்களில் பெரிதாக அடிபட்டது. ஆனால் அதே நாட்டில் நியூயோர்க் நகரம் 2008இல் பெரிய உணவக நிறுவனங்கள் ஒவ்வொரு உணவின் கலோரியையும் விலைப்பட்டியலில் எழுத வேண்டும் என்று விதித்தது. தெரியாமல் ஒருவர் எப்படிப் பொறுப்பாக இருப்பது என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

எமது நிலைமையில் பொறுப்பைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஏனென்றால் கிளினிக்கிலும் கூட்டங்களிலும் "நீங்கள் கண்டதையும் சாப்பிடுகிறீர்கள்" என்று மக்களையே குறைசொல்வது வழக்கமாகிவிட்டது. முகாமில் என்ன சாப்பிடுவது என்று நீங்கள் முடிவு செய்யவில்லை. அந்தக் காலத்துக்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல. கடைக்காரர் பழைய எண்ணெயில் பொரிப்பதற்கும், ஈ மொய்க்க விடுவதற்கும் நீங்கள் பொறுப்பாளி அல்ல. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடைகளைப் பரிசோதிக்கவும் வழக்குத் தொடரவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அதிகாரம் உண்டு. அது அவருடைய கடமை.

ஆனால் அவருக்கு எல்லாக் கடையும் ஒரே நாளில் தெரியாது. முறைப்பாடு செய்வது உங்கள் பங்கு. கடையின் பெயர், இடம், திகதி, நேரம், வாங்கிய பொருள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பொதி இருந்தால் எறியாமல் வைத்துக்கொண்டு, உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். யாழ்ப்பாணம் நெருப்புக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் ஒன்று. எனவே சுத்தம் குறைந்த கடையில் பச்சைச் சம்பலையும் ஐஸ் போட்ட பானத்தையும் தவிர்த்துச் சுடச்சுட உள்ளதை எடுங்கள், கொதித்தாறிய தண்ணீரைக் கேளுங்கள். பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்தது. பழைய பத்திரிகைத் தாளில் சூடான ரோல்சைச் சுற்றினால் அச்சு மை எண்ணெயில் ஊறும். வீட்டிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோவது நல்லது.

உங்கள் கையில் இருப்பது எது? எத்தனை நாள் கடையில் வாங்குவது, எவ்வளவு வாங்குவது, கூட என்ன குடிப்பது, வீட்டில் என்ன சேர்ப்பது. இந்த நான்கையும் வேறு எவரும் உங்களுக்காகத் தீர்மானிக்க முடியாது. இது தாயின் பொறுப்பு மட்டும் என்று ஆண்கள் கையைக் கழுவக் கூடாது. இரவுக் கொத்து வாங்கிவருவது பெரும்பாலும் தகப்பன்மார்தான். சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ள வாங்கும் டெவிலும் பொரியலும் எந்தக் குடும்பக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

பிள்ளைகளிடம் காசைக் கொடுத்து "ஏதும் வாங்கித் தின்" என்று சொல்லும்போது தெரிவைப் பிள்ளையிடமும் விளம்பரத்திடமும் விட்டுவிடுகிறோம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். படலைக்கு வெளியே நிற்கும் வண்டிலில் என்ன வாங்குவது என்பதை வீட்டிலேயே பேசிவைக்க வேண்டும். அவித்த கடலை, பழம், எள்ளுருண்டை என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலான பிள்ளைகள் கேட்பார்கள். ஒரேயடியாகத் தடுத்தால் ஒளித்து வாங்குவார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஏழு நாட்களையும் கோடு போட்டுப் பிரியுங்கள். கடையில் வாங்கிய ஒவ்வொன்றையும், யார் வாங்கினார், எவ்வளவு காசு என்று எழுதுங்கள். தேநீரும் சோடாவும் சேர வேண்டும். எட்டாம் நாள் குடும்பமாக இருந்து, மாவும் எண்ணெயும் சீனியும் மட்டுமே உள்ளவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள். அவற்றில் ஒரே ஒன்றைத் தெரிந்து, அடுத்த கிழமை அதற்குப் பதில் என்ன என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே கிழமையில் மாற்ற முற்படுபவர்கள் மறு கிழமையே விட்டுவிடுகிறார்கள். மாதர் சங்கக் கூட்டத்துக்கு இந்தத் தாளைக் கொண்டுவந்தால் மற்றக் குடும்பங்கள் என்ன செய்தன என்றும் பார்க்கலாம்.

நாற்பது வயது தாண்டியவர்கள் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் இரத்தச் சீனி, குருதியமுக்கம், நிறை மூன்றையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்தில் எவருக்காவது நீரிழிவு இருந்தால் நாற்பதுக்கு முன்பே போவது நல்லது. எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வார். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலும் விசாரிக்கலாம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல், தேநீரும் குடிக்காமல் விடியக் காலையில் போக வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். முகாமில் இருந்தபோது தந்த கிளினிக் கொப்பி கைவசம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். தொலைந்திருந்தால் புதிய கொப்பி போட்டுத் தருவார்கள், அதற்காகப் போகாமல் நிற்க வேண்டாம்.